அக்கா சேர்ந்த மருந்து ஆராய்ச்சி

என் அக்கா ஒரு புற்றுநோய் மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறார்.

'எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்' என்று அவரே சொன்னதால்தான் இந்தப் பதிவு.

அக்கா பெயர் வசந்தி. மலேசியாவில் பெக்கோக் என்ற ஊரில் ஒரு பள்ளி கேன்டீனில் சமைக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்து, முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். திரும்பி வந்துவிட்டது. இந்த முறை எலும்பில்.

ஜொகூர் பாருவில் டாக்டரைப் பார்க்கப் போன அன்றுதான் அவர் இந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டு. சிலருக்கு மட்டும் அதோடு ஒரு புது மாத்திரை. யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்ய மாட்டார், சீட்டுக் குலுக்குவதுபோல கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். வீட்டில் பேசிவிட்டு வாருங்கள், அவசரமில்லை என்றார்.

திரும்பி வரும்போது கார் செடெனாக் ஊரைத் தாண்டியது.

பிறகு மாமா (அக்காவின் கணவர், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டுகிறார்) மெதுவாகச் சொன்னார்.

"வேணாம் வசந்தி. எஸ்டேட்டுல புது மருந்து வந்தா முதல்ல ஒரு ஓரமா நாலு மரத்துக்கு அடிச்சுப் பாப்பாங்க. அந்த மரமா நீ இருக்க வேணாம்."

எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

டாக்டர் கொடுத்த விளக்கத் தாள்கள் மலாயில் இருந்தன. அந்த வாரக் கடைசியில் குளுவாங்கில் இருக்கும் நான் அக்கா வீட்டுக்குப் போய், ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொன்னேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். (இரண்டு பேருக்கும் கண்ணீர். வெங்காயத்தால்தான் என்று வைத்துக்கொள்வோம்.)

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது கேள்வி கேட்டது அக்காதான்.

புது மாத்திரை கிடைக்காவிட்டால் சும்மா விட்டுவிடுவீர்களா? இல்லை, வழக்கமான சிகிச்சை நிற்காது. பாதியில் வேண்டாம் என்றால்? எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, அதற்காக வைத்தியம் குறையாது. பக்க விளைவு? இருக்கும், இன்னும் தெரியாததும் இருக்கலாம், அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்ப்போம்.

மாமா ஒன்றுதான் கேட்டார், மலாயில். வேறு வழி இல்லை என்பதால்தான் எங்களிடம் இதைச் சொல்கிறீர்களா?

அதைக் கேட்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. இத்தனை நாளும் அவர் 'வேணாம்' என்று சொன்னதற்குள் இருந்தது இந்தப் பயம்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

டாக்டர் நாற்காலியை நகர்த்தி அவர் பக்கம் திரும்பினார். அப்படி இல்லை என்றார். வழக்கமான மருந்தும் நல்ல மருந்துதான். புதியதைச் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆராய்ச்சியே தேவைப்படாது என்றார்.

அக்கா கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடியவில்லை. விருப்பம் இருந்தாலும் எல்லாரையும் சேர்க்க மாட்டார்களாம். இரத்தம், இதயம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, உடம்பு அதற்குப் பொருந்த வேண்டும். அக்காவுக்குப் பொருந்தியது. வீட்டில் எல்லாருக்கும் அந்தப் புது மாத்திரை மேல் ஆசை வந்துவிட்டது. வேண்டாம் என்ற மாமாவுக்கும்தான்.

கம்ப்யூட்டர் முடிவு வந்தது.

வழக்கமான மருந்து மட்டும்.

ஆராய்ச்சியைக் கவனிக்கும் மிஸ்ஸி (நர்ஸ்) இதைச் சொன்னதும் எனக்கு முகமே மாறிவிட்டது. கீழே ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்தபோது மாமா பொருமினார். இதற்கா இவ்வளவு அலைந்தோம், விலகிவிடலாம் என்றார்.

அக்கா பால் சேர்க்காத தே ஓ தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"எல்லாரும் அந்தப் பக்கமே போயிட்டா, அது நல்ல மருந்தான்னு எத வெச்சுப் பாப்பாங்க? இந்தப் பக்கமும் ஆளு வேணும்லா."

மாமா ஏதோ சொல்ல வந்தார். அக்கா விடவில்லை.

"இப்ப நான் சாப்பிடுற மருந்த எனக்கு முன்னாடி யாரோ ஒருத்தி சாப்பிட்டுப் பாத்திருக்கா. அவ பேருகூட எனக்குத் தெரியாது. அவ வேணாம்னு போயிருந்தா எனக்கு இது ஏது?"

அதற்குப் பிறகு விலகும் பேச்சு எழவில்லை.

போன வாரம் ஸ்கேன் முடிவு பார்த்தோம். கட்டி வளரவில்லை. குறையவும் இல்லை. இப்போதைக்கு இது நல்ல செய்தி என்றார் டாக்டர். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

அன்று டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது தங்காக்கிலிருந்து வந்த ஒரு அம்மா பேச்சுக் கொடுத்தார். அவரிடமும் வேறொரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்களாம். சேரலாமா என்று அக்காவைக் கேட்டார்.

'சேருங்க' என்று அக்கா சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை.

"அது உங்க உடம்பும்மா, நான் சொல்லக் கூடாது. புரியற வரைக்கும் டாக்டர விடாதீங்க. திரும்பத் திரும்பக் கேளுங்க. அப்புறம் சரின்னாலும் சரி, வேணாம்னாலும் சரி."

அந்த அம்மா தலையாட்டிவிட்டு, தனியாக உள்ளே போகப் பயமாக இருக்கிறது என்றார்.

மாமா எழுந்தார். மிஸ்ஸியிடம் போய், 'இந்த அம்மாவோடு என் மனைவியும் உள்ளே வரலாமா' என்று கேட்டார்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஓர் ஆராய்ச்சியில் இருந்திருக்கிறார்களா? சேர்ந்திருந்தாலும், வேண்டாம் என்றிருந்தாலும், கீழே எழுதுங்கள். அக்கா படிக்கிறார்.