தலையணைக்காரம்மாவின் ஏழு கேள்விகள்

தலையணைக்காரம்மாவின் கடைக்குள் நுழைந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. எந்தப் பக்கம் படுப்பீங்க, கழுத்து வலி உண்டா, வீட்டுக்காரர் குறட்டை விடுவாரா என்று வாய் ஓயாமல் கேட்டு, அதற்குத் தக்கபடி பஞ்சடைத்துக் கையில் கொடுத்துவிடுவார். அந்த வாய்தான் அவருக்கு மூலதனமே!

இப்போது கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். அடுத்த மாதம் காலி செய்தாக வேண்டும், வேறு கடை பிடிக்கவோ கட்டுப்படியாகாது. அதனால் மருமகள் ஆன்லைனில் ஒரு கடை திறந்து கொடுத்தாள். அது ஓடினால் தையல் மிஷினும் ஓடும். இல்லையென்றால் இத்தனை வருஷத் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆனால் பாருங்கள், வருகிறவர்கள் ஆசையாகத் தலையணையைக் கூடையில் போடுகிறார்கள், பணம் கட்டுகிற இடத்துக்கு வந்ததும் கம்பி நீட்டிவிடுகிறார்கள்.

"எல்லாம் உங்க கேள்வியாலதான் அத்தை," என்றாள் மருமகள். கடையில் கேட்கிற ஏழு கேள்விகளையும் பணம் கட்டும் பக்கத்தில் வைத்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான்.

"போடி! அக்கறையா நாலு வார்த்தை கேட்டா யாராவது ஓடுவாங்களா?"

அன்று மத்தியானம் ஊசி தீர்ந்துவிட்டது. வெயிலில் போக அலுத்துக்கொண்டு, போனிலேயே வாங்க உட்கார்ந்தார். ஒரு பாக்கெட் ஊசிக்கு அந்த ஆன்லைன் கடை முதலில் பாஸ்வேர்டு கேட்டது, அப்புறம் பிறந்த தேதி, அப்புறம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றது.

"ஊசி கேட்டேனா, உன் பொண்ணைக் கேட்டேனா? என் வயசு உனக்கு எதுக்குடா!" என்று போனைக் கட்டிலில் வீசினார்.

மருமகள் தங்கள் கடையின் ஏழு கேள்விகள் இருந்த பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். அத்தைக்குச் சுருக்கென்றது.

"சரி, தூக்கித் தொலை. இனிமே வாயைத் திறக்கல, போதுமா?"

"தூக்க வேணாம் அத்தை, பணம் கட்டினப்புறம் கேப்போம். இஷ்டம் இருந்தா சொல்லட்டும், இல்லேன்னா நடுத்தரமா அடைச்சு அனுப்பிடலாம்."

அவ்வளவுதான், ஆர்டர்கள் வரத் தொடங்கின. மிஷினுக்கு மூச்சுவிட நேரமில்லை. வேடிக்கை என்னவென்றால், கட்டாயமில்லாத கேள்விக்குத்தான் ஆளாளுக்கு மனதைக் கொட்டினார்கள். ஒருத்தி மாமனாரின் குறட்டையைப் பற்றிப் புராணமே பாடியிருந்தாள். தலையணைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்ததை மருமகள் மெதுவாகப் படித்தாள். "இடது பக்கம்தான் படுப்பேன். வலது பக்கம் அவர் இடம். போன வருஷத்திலிருந்து காலியாக இருக்கிறது."

தலையணைக்காரம்மாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கண் கலங்கிவிட்டது.

"அந்தம்மா நம்பர் இருக்கில்ல? போன் போட்டுக் குடு."

"வாயைத் திறக்க மாட்டேன்னீங்களே அத்தை!"

"அது காசு கட்டற வரைக்கும்டி. இப்பதான் வாங்கியாச்சே, போடு!"