அவர் காதருகே நான் சொன்னது

என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ஓசூரில் ஒரு கம்பெனி வேலையில் சேர்ந்திருந்த சமயம். லீவு நாளில், எங்கள் ஐந்து வயது மகளோடு பைக்கில் போச்சம்பள்ளிக்கு என் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு கல்குவாரியில் வெடி வைத்தார்கள்.

சத்தம் கேட்டதும் அவர் பைக்கை அப்படியே போட்டுவிட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த மகளைத் தூக்கிக்கொண்டு சாலையோரப் பள்ளத்தில் பாய்ந்தார். விழுந்த நான் எழுந்து ஓடினேன். மகள்மேல் கவிழ்ந்து படுத்து, அவள் வாயைக் கையால் அழுத்திப் பொத்தியிருந்தார்.

"சத்தம் போடாத. பாத்துருவானுங்க."

குழந்தை மூச்சுக்குத் திணறினாள். அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. என்னை யாரென்றே தெரியாதவர் போலப் பார்த்தார். சட்டென்று இழுப்பதை விட்டுவிட்டு, அவர் காதருகே மெதுவாகச் சொன்னேன்:

"ஏங்க, அவனுங்க போயிட்டானுங்க. கைய எடுங்க."

கை தளர்ந்தது. மகள் வீறிட்டு அழுத பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அவர் தன் கையையே வெறித்துப் பார்த்தார்.

"இனிமே பாப்பாவ எங்கூடத் தனியா விடாத" என்றார்.

மறுநாளே மனநல மருத்துவரிடம் போனோம். இப்போது ஓரளவு தூங்குகிறார். மகள் அவர் முதுகில் ஏறி விளையாடுகிறாள். ஆனாலும் அவள் சத்தம் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். ஏன் ஓடிவந்தேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.