நைனா தைத்த ஒன்றரை அன்னம்

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால், சாயங்கால மணி அடிக்கும்வரை வேன் டிரைவருக்கு வேலை கிடையாது. மற்ற டிரைவர்கள் பின்சீட்டில் நீட்டிப் படுப்பார்கள். இல்லாவிட்டால் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நான் புங்கமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறப்பேன். அதில் மேட்டித் துணி, ஊசி, கலர் கலராக நூல் கண்டுகள். உட்கார்ந்து கிராஸ் ஸ்டிச் போடுவேன்.

ஒன்றும் பெரிய வித்தை இல்லை, பிள்ளைகளே. துணி முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்தின் மூலையில் ஓட்டை. கணக்கு நோட்டில் பெருக்கல் குறி போடுகிறீர்கள் அல்லவா, அதை நூலால் போட வேண்டும். ஒன்று போட்டால் அடுத்தது எங்கே என்று துணியே சொல்லிவிடும். பத்து வரிசை முடிவதற்குள் தலைக்குள் உறுமிக்கொண்டிருக்கும் வண்டி நியூட்ரலுக்கு வந்துவிடும். புதுப் படங்களைப் போனிலேயே பார்த்து எடுத்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு நண்டு போட்டேன்.

அந்த நண்டைப் பார்த்துத்தான் வேனில் வரும் மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டான், "அங்கிள், இது பொம்பளைங்க செய்யறதுதானே?"

என் வீட்டில் என் பிள்ளைகளும் அதையே கேட்டிருக்கிறார்கள். இதுவரை சிரித்துச் சமாளித்தேன். இப்போது எழுதுகிறேன். ஆனால் இது சிரிக்கிற கதை இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தோணிரேவு என்ற ஊருக்குக் கொஞ்சம் தள்ளி ஏரிக்கரையில் எங்கள் குப்பம். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நைனாவும் சித்தப்பாவும் ஒரே படகில் தொழில் செய்தார்கள். ஒரு ஐப்பசி மாதம், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை அந்தப் படகைக் கவிழ்த்துப் போட்டது. நைனா அன்றைக்கே கரைக்கு வந்தார். சித்தப்பா மூன்றாம் நாள் வந்தார்.

அதற்கப்புறம் நைனா தண்ணீரில் கால் வைக்கவில்லை. கையில் நடுக்கம் வந்துவிட்டது. டீ கிளாஸைக் கொடுத்தால் பாதி லுங்கிக்குப் போகும். டாக்டர் நரம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்தார். அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் எங்களுக்குச் சோறு போட்டாள்.

அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் தையல் பாடம் வந்தது. நீலத் தண்ணீரில் எதிரெதிரே பார்த்து நிற்கும் இரண்டு அன்னங்களை கிராஸ் ஸ்டிச்சில் போட்டுவரச் சொன்னார்கள். அவள் நாலு வரிசை போட்டுவிட்டு, கண் வலிக்கிறது என்று பாய்மேல் எறிந்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் நாற்பது வரிசை ஆகியிருந்தது. வீட்டில் இருந்தது நைனா மட்டும்தான்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வலையின் கண்ணை எண்ணி எண்ணிக் கிழிசல் கட்டுகிற ஆளுக்கு இந்த ஓட்டைகள் எம்மாத்திரம்? ஆனால் துணியைத் திருப்பிப் பார்த்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் நைனா ஒவ்வொரு நூலுக்கும் வலை முடிச்சு போட்டிருந்தார். துணியின் பின்பக்கம் முழுக்க அம்மை கண்டதுபோல் முண்டு முண்டாக இருந்தது.

"இன்னா நைனா இது! பின்னாடி முடிச்சே இருக்கக் கூடாது. டீச்சர் மொதல்ல திருப்பித்தான் பாப்பாங்க."

"முடிச்சு இல்லாம எப்டிம்மா நிக்கும்?"

"நூல் முனைய பக்கத்து நூலுக்கு அடியில வுட்டு இஸ்துடணும். அது இத புட்ச்சிக்கும்."

நைனா துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்துல ஒண்ணு இருந்தா சரிதான்" என்றார்.

அவ்வளவு முடிச்சையும் பிரித்து மறுபடி போட்டார். அக்கா தனக்கு வேறு துணி வாங்கிக்கொண்டாள். அந்த அன்னத் துணி நைனாவுக்கென்று ஆகிவிட்டது. காலையில் அம்மா கூடையைத் தூக்கும்போது உட்கார்ந்தால், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் வாசல் வெளிச்சத்தில் அதே இடத்தில் இருப்பார். ஊசி பிடித்திருக்கும்போது அவர் கை ஆடாது. அதை நான் தினமும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

ஒரு அன்னம் முடிந்தது. வெள்ளைக் கழுத்து, சிவப்பு மூக்கு. அதைச் சுற்றி நீலத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்.

"இன்னொண்ணு எங்க நைனா?" என்று அக்கா கேட்டால், "வரும், வரும். இப்ப இன்னா அவசரம்?" என்பார். சித்தப்பா போனதற்கப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி எதையாவது நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

குப்பம் சும்மா இருக்குமா? பள்ளிக்கூடம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்ததால் நாங்கள் படகில்தான் போவோம். அந்தப் படகில் என்னைவிடப் பெரிய பையன்கள், "டேய், உங்க நைனா ஜாக்கெட்டு தெக்கறாராமே, எங்க அக்கா அளவு குடுத்தனுப்பட்டுமா?" என்பார்கள். மீன் வாங்க வரும் பெண்கள் வாசலில் நின்று, "இன்னாண்ணா, பூ எப்ப முடியும்? முடிஞ்சா சொல்லு, தலையில வச்சிக்கிறேன்" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நைனா கோபப்பட மாட்டார். "இது பூ இல்லம்மா, பட்சி" என்று திருத்துவார். எனக்கு அதுதான் இன்னும் அவமானமாக இருக்கும்.

இங்கே பாடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் சுத்து வலை போட்டு இறால் பிடிக்க நல்ல இடம் கொஞ்சம்தான். அதில் யார் என்றைக்கு இறங்குவது என்று ஊரே முறை வைத்திருக்கும். அந்த முறைதான் பாடு. அதில் பெயர் இருப்பவன்தான் ஊரில் ஆள். நைனா தன் முறையை இரண்டு தடவை விட்டுவிட்டார். மூன்றாவது தடவையும் விட்டால் பெயரை எடுத்துவிடுவது எங்கள் குப்பத்து வழக்கம்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து வாசலில் நின்றார். "தம்பி, வர்ற வெள்ளிக்கெழம உன் பாடு. எறங்கலன்னா பேர எடுத்துருவாங்க. உங்க நைனா காலத்துப் பேருப்பா."

நைனா ஊசியை நிறுத்தவில்லை. "எடுத்துக்குங்கண்ணா" என்றார்.

அம்மா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவளோ கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "போனா போவட்டும். ஆளு எங்கண்ணு முன்னால குந்தினுக்கிறாரு இல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

எனக்குப் போதவில்லை. அந்தப் பெயர் நாளைக்கு என் பெயர். பாடு இல்லாத வீட்டுப் பையனை எந்தப் படகில் ஏற்றுவார்கள்? எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான் காரணம் என்று பத்து வயது மூளைக்குத் தெளிவாகத் தெரிந்தது. துணி போனால் நைனா படகுக்கு வருவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நைனா பல் விளக்கப் போன நேரத்தில் துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். பள்ளிக்கூடப் படகின் கடைசியில் உட்கார்ந்து, மடியில் மறைத்து, ஒரு கருங்கல்லை உள்ளே வைத்துச் சுற்றி வலைக் கயிற்றால் கட்டினேன். எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான். நைனா என் ஏழு வயதில் தன் கால் கட்டைவிரலில் கயிற்றை மாட்டிச் சொல்லிக் கொடுத்தது. கடைசிச் சுற்றைப் பின்பக்கமாகக் கொண்டுவருவது அவர் வழக்கம். தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும். நடு ஏரியில் மெதுவாகக் கையை விட்டேன். சத்தம்கூட வரவில்லை.

நைனா இரண்டு நாள் தேடினார். பாயை உதறினார், கூரைச் செத்தைக்குள் கை விட்டார், அரிசிப் பானையில்கூடப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. என்னைக் கேட்டபோது, "நான் பாக்கல நைனா" என்றேன். அவர் கை பழையபடி ஆடத் தொடங்கியது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுந்து வலையை எடுத்தார். அம்மா கரைவரைக்கும் ஓடினாள்.

"வேணாம்யா. பேரு போனா போவுது, வா ஊட்டுக்கு."

"சொம்மா குந்தினு இருந்தா கை ஆடுதுடி" என்றார் நைனா. அம்மாவைப் பார்க்காமல், பக்கத்து வீட்டு ஆட்களோடு படகில் ஏறினார்.

மறுநாள் காலை படகு வந்தது. இரண்டு கூடை இறால்! கரையில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். ஜாக்கெட் அளவு கேட்ட பையன்கள் நைனாவின் வலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் குதித்தேன். என் நைனாவைத் திரும்பக் கொண்டுவந்தவன் நான்தான் என்று யாரிடமாவது சொல்லிவிட மாட்டோமா என்று வாய் துறுதுறுத்தது.

நைனா படகின் அடியிலிருந்து கடைசியாக ஒன்றை எடுத்தார். சேறு அப்பிய உருண்டை. எவ்வளவு பெரிய ஏரி அது! எங்கள் பள்ளிக்கூடப் படகு போகிற வழியும் நைனாவுக்குப் பாடு விழுந்த இடமும் ஒன்றுதான் என்பதை நான் யோசிக்கவேயில்லை. வலை வாரிக்கொண்டு வந்துவிட்டது.

கயிற்றை அறுத்து, நல்ல தண்ணீரில் துணியை அலசிக் கொடியில் போட்டார். நீலம் கரைந்து வெள்ளையில் இறங்கியிருந்தது. அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். இரண்டாவது அன்னத்தின் கழுத்தும் பாதி உடம்பும் வந்திருந்தன. எப்போது தொடங்கினார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. காய்ந்ததும் மடித்து அக்காவிடம் கொடுத்தார். "போதும்மா, எடுத்து வை" என்றார். அதன்பிறகு அவர் ஊசியைத் தொடவேயில்லை.

தன் பாடு வந்தால் மட்டும் ஒருமுறைகூடத் தவறாமல் போனார். ஊர் மெச்சியது. ஆனால் படகில் ஏறுவதற்குக் கை நிற்க வேண்டும், கை நிற்பதற்குக் குடிக்க வேண்டும். முதலில் போகும்போது மட்டும், பிறகு வந்த பின்பும், பிறகு எழுந்ததும். ஆறு வருஷம். அவரை ஏரியும் எடுக்கவில்லை, கடலும் எடுக்கவில்லை. பட்டியலில் பெயர் பத்திரமாக இருந்தது. அவருக்குப் பின் அந்த இடத்தில் என் பெயரை எழுதினார்கள். நான் ஒருநாள்கூட இறங்கவில்லை. மூன்றாவது தடவை அவர்களே எடுத்துவிட்டார்கள்.

அந்தத் துணி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பாதி அன்னத்தை முடித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை வெள்ளை நூலைக் கோத்திருக்கிறேன். சேறு ஏறி ஓட்டைகள் அடைத்துக்கொண்டன, ஊசி இறங்குவதில்லை.

அந்தச் சனிக்கிழமையில் நடந்த ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. துணியைக் கொடியில் போட்டபின் நைனா என்னைக் கூப்பிட்டார். முதுகு கிழியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன். அறுத்த கயிற்றை உள்ளங்கையில் வைத்திருந்தார். முடிச்சு அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். கை ஆடிக்கொண்டே இருந்தது, முடிச்சு அசையவில்லை.

"முடிச்சு நல்லா போட்டுக்கிறடா" என்றார்.

அவர் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. நைனா என்னைப் பாராட்டினார் என்று அன்றைக்கு முழுக்கக் குப்பத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.