எடை ஆபீஸ் அம்மா வைத்த புள்ளிகள்

எங்கள் வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, கோலத்துக்குப் புள்ளி வெச்சுட்டு அப்படியே வுட்டுட்டியா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். நீலப் பேனாவில் வைத்த முப்பது புள்ளிகள். தாள் பழுத்து ஓரமெல்லாம் உதிர்கிறது. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிக்க வரும், அதற்கு மேல் வராது. ஆனால் அந்தப் புள்ளிகளைத் தடங்கல் இல்லாமல் படிப்பேன். அதில் எழுதியிருப்பது என் கை.

அப்போது நான் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் வேலை செய்தேன். மிட்டாய்க் கம்பெனி என்று பெயர். காகிதம் சுற்றிய புளிப்பு மிட்டாய் பெரிய டின்களில் வரும். பாக்கெட்டுக்கு ஐம்பது என்று அச்சடித்த பையில் அதை நிரப்பி, மெழுகுவர்த்திச் சுடரில் வாயை ஒட்டி, டின்னுக்கு ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்ப வேண்டும். ஒட்டுவதற்கு மூன்று பெண்கள். நிரப்புவது நான் ஒருத்திதான். ஒவ்வொன்றாக எண்ணுவது கிடையாது. தலைதட்டி அள்ளினால் ஐம்பது கொள்கிற ஒரு சில்வர் டம்ளர் இருந்தது. அதைத் தொடுகிற உரிமை வேறு யாருக்கும் இல்லை. இருபது வருசம் அள்ளிய கை, கண்ணை மூடிக்கொண்டு அள்ளினாலும் தப்பாது என்று நானே ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருந்தவர், எடை அளவு சரிபார்க்கிற கவர்மென்ட் ஆபீஸுக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார். பாக்கெட்டில் மிட்டாய் கம்மியாக இருக்கிறது, பிள்ளைகள் எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுகிறார்கள் என்று. முதலாளி எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். "டின்னு சரியா வருது, பாக்கெட்டும் டின்னுக்கு நாப்பது சரியா வருது. அப்போ நடுவுல எவளோ மடியில கட்டிக்கினு போறா. ஆபீசர் வந்து பாக்கட்டும், கம்மினா நாலு பேரும் நின்னுக்கோங்க." மற்ற மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வேலை போவதுகூடப் பெரிதில்லை. மிட்டாய்த் திருடி என்று பேர் வாங்கிக்கொண்டு அந்தத் தெருவில் எப்படி நடப்பேன்?

வேங்கிக்காலிலிருந்து எடை ஆபீஸ் அம்மா வந்தார். என் மகள் வயசுதான் இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்தார். நான் முந்திக்கொண்டு ஒரு மூட்டையைக் கவிழ்த்து, அடியில் கிடந்த பாக்கெட்டுகளை எடுத்து நீட்டினேன். அடிப் பாக்கெட் எப்போதும் கொழுகொழுவென்று இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

அவர் வாங்கவில்லை. "நீங்க எடுத்துக் குடுத்தா அது உங்க இஷ்டம்மா. நான் எடுத்தா என் இஷ்டம். சீட்டுப் போட்டு எடுத்தா யார் இஷ்டமும் இல்ல" என்றார். எல்லா மூட்டையையும் கொட்டி வரிசையாக அடுக்கி, வரிசைப்படி நம்பர் போட்டு, சீட்டு எழுதிக் குலுக்கினார். விழுந்த முப்பது பாக்கெட்டையும் பிரித்து எண்ணினோம். காலண்டர் தாளைத் திருப்பி நடுவில் ஒரு கோடு போட்டார். அதுதான் ஐம்பது. கூட இருந்தால் வலது பக்கம், கம்மியாக இருந்தால் இடது பக்கம். பாக்கெட்டுக்கு ஒரு புள்ளி, ஒரே எண்ணிக்கை வந்தால் ஒன்றின் மேல் ஒன்று.

முடித்ததும் கூட்டி வகுத்துப் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்: "சராசரி ஐம்பதுதான் வருது. யாரும் எடுக்கலைங்க." முதலாளி மூச்சு விட்டார். நான் இடுப்பில் கைவைத்து, "பாத்தீங்களா, என் கையைச் சந்தேகப்பட்டீங்களே" என்றேன்.

அந்த அம்மா மட்டும் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒழுங்கா நிரப்புனா நடுவுல உசந்து ரெண்டு பக்கமும் சரியணும், அதோ அந்த மலை மாதிரி. இங்க ரெண்டு குன்று நிக்குது. நடுவுல பள்ளம். ஐம்பதுல ஒரு பாக்கெட்டுகூட இல்லையே. ரெண்டு பேர் நிரப்புறீங்களா?"

"நான் ஒருத்திதான்."

"ரெண்டு டம்ளரா?"

"ஒரே டம்ளரு, ஒரே கை."

"அப்போ என் எதிர்ல ஒரு டின்னு நிரப்புங்களேன்."

நிரப்பினேன். முதல் அள்ளலுக்கு வழக்கம்போல 'லாபம்' என்று சொல்லிக் கோபுரமாக அள்ளினேன். நெல் அளக்கிற வீட்டில் பிறந்தவள், ஒன்று என்று ஆரம்பிக்க வாய் வராது. ரெண்டு, மூணு என்று போகிறது, டம்ளர் கோபுரம் இறங்கவே இல்லை. டின் நிறைந்திருக்கும்போது கைக்கு என்ன கவலை? பாதி தாண்டி டின்னின் அடி கண்ணில் பட்டது. இன்னும் இத்தனை பாக்கெட் வர வேண்டுமே என்று மனசு கணக்குப் போட்டது. கை தானாகச் சுருங்கியது. அத்தனை வருசமும் நான் பார்க்காததை அன்றைக்கு நானே பார்த்தேன். முதலில் நிரப்பியது மூட்டையின் அடிக்குப் போகும், டின் அடியில் சுரண்டியது மேலே நிற்கும். பக்கத்திலேயே இருக்கிற பள்ளிக்கூடத்துக் கடைக்காரர் தினமும் மேலாக நாலு எடுத்துக்கொண்டு போவார்.

"யாரும் திருடலையே மேடம், மொத்தம் சரியாத்தான இருக்குது" என்றார் முதலாளி.

"மொத்தம் சரிதாங்க. நாப்பத்தாறு இருக்கிற பாக்கெட்டைப் பிரிக்கிற புள்ளைக்கு மொத்தம் எப்படித் தெரியும்?"

அவர் கேட்டது முதலாளியைத்தான். பதில் சொல்ல வேண்டியது நான். டம்ளரைக் கீழே வைத்தேன். கூட இருந்த பெண்கள் தலை குனிந்து மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருடி என்ற பேர் போனது. என் கை தப்பாது என்ற பேரும் அன்றைக்கே போனது. ரெண்டையும் ஒரே தாளில் தீர்த்துவிட்டார் அந்த அம்மா.

மறுநாள் முதல் டம்ளர் வாயில் ஒரு மூங்கில் பட்டையை வைத்துத் தலை வழித்தேன். நாற்பது பாக்கெட் வந்ததும் மிஞ்சினால் டின்னிலேயே கிடக்கட்டும், குறைந்தால் அடுத்த டின்னைப் பிரித்துப் போடுவோம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். லாபம் என்று சொல்வதை மட்டும் விடவில்லை, கோபுரத்தை விட்டேன். ஒரு மாசம் கழித்து அவர் திரும்ப வந்தார். சீட்டுக் குலுக்கினோம். இந்த முறை பேனாவை என்னிடம் கொடுத்து, "நீங்களே வைங்கம்மா" என்றார். ஒரே மலை. கோட்டின் மேல் உச்சி. அந்தத் தாளை அவர் ஆபீஸ் ஃபைலில் சேர்த்துக்கொண்டு பழையதை என்னிடம் கொடுத்தார். பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எங்கே இருக்கிறாரோ தெரியாது. நான் வைத்த புள்ளி கவர்மென்ட் ஆபீஸில் இருக்கிறது, அது போதும் எனக்கு.

இப்போது மிட்டாயை மெஷின் நிரப்புகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி, மலை சுற்ற வருகிறவர்களுக்கு என் மருமகள் சுண்டல் கொடுக்கிறாள். கரண்டி பிடிப்பது நான்தான். அண்டா நிறைந்திருக்கும்போது கை இன்றைக்கும் தாராளமாகத்தான் கிளம்புகிறது. இருபது வருசப் பழக்கம், சொன்னால் கேட்காது. புறப்படுவதற்கு முன் மாடத்துக்குப் பக்கத்தில் நின்று அந்த ரெண்டு குன்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அங்கே போய் முதல் தொன்னையை நீட்டுவதற்கு முன்னால் வரிசையின் கடைசியில் நிற்பவர் முகத்தைத் தேடுகிறேன். அப்புறம் அள்ளிய கரண்டியை அண்டா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிக்கொள்கிறேன்.