ஒன்பதாம் ஸ்தலத்தில் கறி வாசம்

கோலா தெர்லா வளைவில் லாரிகள் நின்றுவிட்டன. முட்டைக்கோஸ் ஏற்றியவை, பூ ஏற்றியவை, ஒன்றுமே ஏற்றாமல் சும்மா புகைவிட்டுக்கொண்டிருந்தவை. காரின் கண்ணாடியை இறக்கினேன். குளிர் வந்தது. குளிரோடு, ரோட்டோரத் தோட்டத்துக் கொட்டகை எதிலிருந்தோ அந்த வாசமும் வந்தது. மிளகு. வறுத்த தேங்காய். தன் கொழுப்பிலேயே தான் பொரியும் காட்டுப்பன்றி.

அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சட்டென்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன், யாரோ பார்த்துவிடுவார்கள் என்பது போல. ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி, பூட்டிய காருக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு, காது மடல் சுடச்சுட வெட்கப்பட்டாள். யார் வீட்டு அடுப்போ அது. ஆனால் என் மூக்குக்கு இந்த மலையில் வெள்ளிக்கிழமை கறி சமைத்த அடுப்பு ஒன்றே ஒன்றுதான். அது எங்களுடையது.

தேயிலைத் தோட்டத்தில், மலைச்சரிவை ஒட்டி நீளமாக ஓடியது எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர் வீடுகளின் வரிசை. கோயில் மிகச் சிறியது. எல்லாரும் உள்ளே நின்றால் பாட மூச்சிருக்காது. அதனால் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையை வெளியே கொண்டுவந்து, பதினான்கு ஸ்தலங்களையும் லயத்து வாசல்களுக்குப் பங்கு போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு ஸ்தலம். வாசலைக் கூட்டி, ஸ்டூல் போட்டு, அதில் ஆண்டவரின் பாடுகளில் ஒன்றைப் படமாக வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருக்க வேண்டும். நடுவில் இருந்த இந்துக்காரர் வீடுகளும் வரிசை கெடக்கூடாதென்று வாசலைத் தந்தார்கள். நாலாம் வீட்டார் மட்டும் கூடுதல் அன்பில் சாமந்தி மாலை போட்டுச் சூடமும் கொளுத்துவார்கள். ஊர்வலம் அங்கே கொஞ்ச நேரம் இருமும்.

வரிசைப்படி எது வந்ததோ அதுதான் அந்த வீட்டுக்கு விதி. முதல் வீட்டுக்காரர்கள் வருடா வருடம் ஆண்டவரைச் சாவுக்குத் தீர்ப்பிட்டார்கள். ஆறாம் வீட்டு அத்தைக்கு, ஆண்டவரின் முகம் துடைத்த வெரோணிக்காள் துகில் கிடைத்திருந்தது. தன் சொந்த முந்தானையைக் கொடுத்ததுபோலவே பேசுவாள். உறவில்லை, முறைக்கு அத்தை. எங்கள் வீடு ஒன்பது. இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார். “உங்க வாசலுக்கு வந்தாத்தான்டி சாமி எந்திரிக்கவே முடியாம விழுறாரு” என்பாள் அத்தை. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

ஆனால் எங்களிடம் அம்மா இருந்தாள். சாம்பல் புதன் வந்துவிட்டால் ஒருசந்தி; பகலில் ஒரு வேளைச் சோறு, அதோடு சரி. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முட்டைகூட உடையாது. லயத்தில் யார் எந்த வெள்ளிக்கிழமை எதைத் தின்றார்கள் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். எங்கள் அடுப்பில் கறி வெந்த அந்த வருடம்தான் தண்ணீர்க் குழாயடியில், அத்தையின் மகன் டவுனில் வாங்கிய கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, அத்தனை பெண்கள் முன்னாலும் கேட்டாள்: “புள்ளைக்கு வெள்ளிக்கிழமைன்னு சொல்லிக் குடுக்கத் தெரியல, நீ துகில் புடிக்க வந்துட்டியா?” அத்தை குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்னொரு பெருமையும் இருந்தது. பெரிய வெள்ளியன்று, சிலுவையடியில் உட்கார்ந்து மாதாவின் புலம்பலைப் பாடுகிற பெண்ணுக்கு லயத்தில் தனி மரியாதை. பாடிக்கொண்டிருந்தவர் மகனோடு கோலாலம்பூருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு அம்மாவைக் கேட்டிருந்தார் உபதேசியார். பூசை வைக்கச் சாமியார் மாதம் ஒருமுறைதான் தானா ராத்தாவிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் உபதேசியார் கையில். அன்றிலிருந்து அம்மா கொழுந்து எடுக்கும்போதும் பாடினாள், துணி பிழியும்போதும் பாடினாள். அப்பா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிற பகல்களில், வாயை மட்டும் அசைத்துப் பாடினாள். அம்மா எதையாவது தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை. கல்யாணமும் இல்லை, பூசையும் இல்லை. தோளில் ஒரு துணிப்பை, கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம், தாளின் மூலையெல்லாம் ரத்தம் ஊறியிருந்தது.

“அக்கா” என்றார். அந்த ஒரு சொல்லே குழறியது. வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறவர் போல. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்போதே முகம் சூடாகிவிட்டது. அந்த வாரம் அப்பா பிற்பகல் ஷிப்டுக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று என்று பட்டது.

“என்னடா இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா?”

“காட்டுப்பன்னி. மலக்காட்டு அஸ்லிக்காரங்க வச்ச பொறியில விழுந்துச்சு. நீ செய்வியே... தேங்கா வறுத்து. வாக்கா, பின்னால. பேசணும்.”

இருவரும் தகரக் குளியலறைப் பக்கம் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா வாயை அகலத் திறந்து காட்டினார். அம்மா அவர் தாடையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்வலி போல என்று நினைத்துக்கொண்டு நான் மெழுகுவர்த்தியின் அடிப்பக்கத்தை உருக்கி ஸ்டூலில் ஒட்டப் போய்விட்டேன்.

உள்ளே வந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள்.

“தேங்கா திருவு.”

“அம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழம.”

“தெரியும்.”

“சிலுவப்பாத வரும்மா. நம்ம வாசலுக்கு.”

“வரட்டும். திருவுடி.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

காட்டுப்பன்றி லேசில் வேகாது. ஊர்வலம் வருவதற்குள் இறக்கிவிடலாம் என்று அம்மா கணக்குப் போட்டிருப்பாள். விறகை மேலும் மேலும் தள்ளினாள். அந்தி வந்தது, அந்தியோடு பனி வந்தது. பனி இறங்கினால் எங்கள் மலையில் எந்த வாசமும் மேலே போகாது. கீழே படுத்துக்கொள்ளும், ஊர்ந்து வாசல் வாசலாகப் போகும். மிளகும் தேங்காயும் கொழுப்புமாக ஒன்பதாம் வீட்டிலிருந்து எட்டுக்கும் ஏழுக்கும் போயிற்று. அம்மாவோ கரண்டியை உள்ளங்கையில் ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை. ஒருசந்தி. தன் நாக்குக்குக் கொடுக்காத ஒன்றை அவ்வளவு கவனமாகக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

பாட்டு நெருங்கியது. நான் வாசலில், படத்துக்குப் பக்கத்தில், மெழுகுவர்த்திக்குக் கை மறைவு கொடுத்தபடி நின்றேன். எட்டாம் வீட்டில் ஜெபம் பாதியிலேயே தளர்ந்துவிட்டது, எனக்குக் கேட்டது. ஜெபம் சொல்கிறவர்கள் மூச்சை இழுத்தாக வேண்டுமே. இழுத்தார்கள். பிறகு எல்லாரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். சின்னப் பிள்ளை ஒன்று, “அம்மா, பசிக்குது” என்றது.

உபதேசியார் புத்தகத்தைப் பிரித்தார். “ஒன்பதாம் ஸ்தலம்” என்றார். தொண்டையைச் செருமினார். “இயேசு மூன்றாம் முறை...”

“இந்த வீட்டு எண்ணெயிலதான்லா வழுக்கி விழுந்திருக்காரு” என்றாள் அத்தை.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பனியில் சொல்லும் மேலே போகாது போலிருக்கிறது. முன்னால் ஒருவர் குலுங்கினார், பின்னால் ஒருத்தி முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். பாடுகளின் நடுவில், சிலுவைக்கு முன்னால், லயமே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. நான் ஓரடி நகர்ந்தேன். இன்னும் ஓரடி. எட்டாம் வீட்டுச் சாக்கடையோரம் போய், அந்த வீட்டுப் பிள்ளை போல நின்றேன்.

அம்மா வெளியே வந்தாள். முழங்கால் போட்டாள். நெற்றியில் சிலுவை வரைந்தபோது விரலில் மஞ்சளும் மிளகாயும் இருந்தன. அவளுக்குப் பின்னால் கதவில் சாய்ந்தபடி மாமா, கையில் தட்டோடு.

“ஐயா... நாந்தான்... அக்காவ...” என்று ஆரம்பித்தார். சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு விழுந்தன.

“மாப்ள நல்ல மப்புல இருக்காரு” என்றது ஒரு குரல். இப்போது வெளிப்படையாகவே சிரித்தார்கள்.

அம்மா திரும்பினாள். “நீ உள்ள போய்ச் சாப்புடு. ஆறிடும்.” அவ்வளவுதான் சொன்னாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அந்தச் சிரிப்பு மொத்தமும் அதே இடத்தில் செத்திருக்கும். சொல்லவில்லை.

ஜெபம் முடிந்து ஊர்வலம் நகர்ந்தபோது உபதேசியார் பின்தங்கினார். நல்ல மனிதர். சொல்வதற்குக் கஷ்டப்பட்டார். “தங்கச்சி... கோயில் காரியம். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. இந்த வருசம் புலம்பல வேற யாராச்சும் பாடட்டும்.”

“சரிங்கையா” என்றாள் அம்மா. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்தாம் ஸ்தலத்துக்கு நடந்தாள். கூட்டத்தின் கடைசியில். அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்குமளவு இடம் விட்டிருந்தார்கள். நான் கூடப் போகவில்லை. வீட்டுக்குள் போய்விட்டேன்.

மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். தட்டில் கறி வைத்தது வைத்தபடி. ஒரு துண்டை மட்டும் வாயில் போட்டு, வெகுநேரம் வைத்திருந்து, தட்டோரமாக எடுத்து வைத்திருந்தார். மென்றுகூட இல்லை. எனக்கு அழுகை முட்டியது. இதற்காகவா? தின்னக்கூட இல்லையே. பெரிய வெள்ளி போயிற்று, லயமே சிரித்தாயிற்று, இந்த ஆள் ஒரு துண்டு தின்னவில்லையே.

மறுநாள் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மாமாவின் நாக்கை எடுத்துவிடப் போகிறார்கள் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அம்மா லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதென்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். உயிரோடிருக்கிறவனைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்வார்கள், எனக்கு வேண்டாம் என்றாராம். அதற்குப் பிறகும் மாமா சில காலம் இருந்தார். மூக்கில் குழாயோடு, பேச்சில்லாமல். எங்களைப் பார்த்தால் கையை மட்டும் தூக்குவார். பெரிய வெள்ளிகளில் வேறொருத்தி பாடினாள். அம்மா மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, வாயை மட்டும் அசைத்தாள். இதையெல்லாம் இன்றைக்கு வரிசையாக எழுதிவிட முடிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் வீடு நாறுகிறது, அதை லயமே முகர்ந்துவிட்டது என்பது மட்டும்தான்.

மாமா எழுந்து தட்டைத் தூக்கிச் சட்டிக்குள் கவிழ்த்தார். தாப்பாவுக்கு இறங்கும் காய்கறி லாரி ஒன்று ரோட்டில் அவருக்காக நிற்கும். “நான் பையத் தூக்கிட்டு வரேன்” என்றேன். அன்பினால் இல்லை. சிலுவைப்பாதைக்குப் போகாமலிருக்க அந்தப் பை வசதியாக இருந்தது.

தேயிலைக்கு நடுவே இறங்கினோம். பையில் கனமே இல்லை. மேலே, பனிக்குள், மெழுகுவர்த்திகள் கலங்கிக் கலங்கி நகர்ந்தன. பாட்டு கேட்டது, நிறைய குரல்கள். அம்மாவின் குரல் அதில் இருந்ததா என்று நான் காது கொடுக்கவில்லை.

“எத்தனாவதுல நிக்கிறாங்க?” என்றார் மாமா.

“பன்னெண்டு முடிஞ்சிருக்கும்.”

“நீ போகல?”

“பைய யாரு தூக்குவா?”

அவர் நின்றார். பையை என்னிடமிருந்து வாங்கி, ஒற்றை விரலில் மாட்டி ஆட்டிக் காட்டினார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தேயிலைச் செடியில் ஓர் இலையைப் பறித்துக் கிழித்துக்கொண்டே நடந்தேன்.

“எம்மேல கோவமா?”

“நீங்க ஏன் குடிச்சிட்டு வந்தீங்க?” என்றேன். மற்றது எதையும் கேட்க எனக்குத் தெரியவில்லை.

மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ரோட்டில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். “செப்பாட்லா!” என்று அவசரப்படுத்திக் கத்தினான். மாமா ஏறி, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கும் கதவுக்கும் நடுவில் ஒடுங்கி நின்றுகொண்டார். லாரி குலுங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே, சரிவில் நகர்ந்த வெளிச்சங்களைப் பார்த்தார். பிறகு குனிந்தார். ஒவ்வொரு சொல்லையும் கல்லைத் தூக்கி வைப்பது போல எடுத்து வைத்தார், குழறாமல்.

“ஓடு பாப்பா. கடைசி ஸ்தலத்துக்காவது போயிடு. அங்க உங்கம்மா தனியா நிக்குது.”