பெரியம்மையை ஏற்றிய அழுகை

இப்போது திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போகும் பகல் ரயிலில் கதவு தானாகத் திறக்கிறது. உட்கார்ந்த இடத்துக்கே டிபன் வருகிறது. டிக்கெட் செல்போனுக்குள் இருக்கிறது. எங்கள் ஊர் ஸ்டேஷனில்கூடப் பிளாட்பாரத்தை உயர்த்திவிட்டார்கள். வயதானவர்களுக்குக் கொடுத்துவந்த கட்டணச் சலுகையை எடுத்துவிட்டார்களே என்று பெரியப்பா மட்டும் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். நான் முணுமுணுப்பதில்லை. எனக்குச் சேரவேண்டிய சலுகையை ரயில் சின்ன வயதிலேயே கொடுத்துவிட்டது. என் அழுகைக்காக ஒரு முழு வண்டி நின்றிருக்கிறது. எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கும்?

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே இருக்கிறது. குறுகிய தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போடுவதற்காகச் சில வருஷங்கள் ரயிலை நிறுத்திவைத்திருந்தார்கள். ஊரெல்லாம் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டது, என் பெரியம்மையைத் தவிர. அம்மாவின் அக்கா அவள். நல்ல கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். ஆனால் பஸ்ஸின் டீசல் வாடை பட்டால் போதும், கையிலிருக்கும் எலுமிச்சம்பழத்தையும் மீறி வாந்தி வந்துவிடும். காரும் அப்படித்தான், வேனும் அப்படித்தான். ரயில் நின்றதும் அவளுடைய உலகமும் எங்கள் தெருமுக்கோடு நின்றுபோனது. திருநெல்வேலியில் என் தங்கச்சி பிறந்தபோது அவள் வரவில்லை. சொந்தத் தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கும் வரவில்லை.

அந்தத் தம்பிதான் என் மாமா. தாயில்லாத பிள்ளையான அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள் பெரியம்மை. அவருக்குத் திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. நாத்தனார் முடிச்சை அக்காதான் போட வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். எல்லோரும் முதல் நாளே வேனில் போய்விட்டார்கள். பெரியம்மை, பெரியப்பா, அம்மா, நான் ஆகிய நால்வர் மட்டும் முகூர்த்தத்தன்று காலைப் பாசஞ்சரில் போவதாக ஏற்பாடு.

எனக்கு மாமாவின் கல்யாணம் இரண்டாம்பட்சம். புது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகப்போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். அதுதான் முகூர்த்தம்.

ஒரு விஷயத்தை ஒருவரும் யோசிக்கவில்லை. பழைய பெட்டி தாழ்வானது. அகலப் பாதைப் பெட்டியோ ஆளுயரத்துக்கு வந்து நின்றது. பிளாட்பாரம் மட்டும் பழையபடி தரையோடு தரையாகக் கிடந்தது. பெரியப்பா மட்டும் முந்தின வாரமே வந்து பார்த்திருந்தார் போலிருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்திருந்தார்.

வண்டி நின்றதும் நான் குரங்கு மாதிரி தாவி ஏறி, ஓடிப்போய் ஜன்னலோரத்தைப் பிடித்து, பக்கத்தில் துண்டையும் விரித்துவிட்டேன். வெளியே எட்டிப் பார்த்தால் ஸ்டூலின் கால் சரளை மண்ணுக்குள் பைய இறங்கிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கிய பெரியம்மை பட்டுப்புடவையோடு சரிந்து பெரியப்பாவின் மேலேயே வந்து நின்றாள். பெட்டியில் யாரோ சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"நான் வரல. நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"முடியலன்னா விடு. உன் தங்கச்சி முடிச்சுப் போட்டுக்கிடட்டும்" என்றார் பெரியப்பா.

"ஆமாக்கா, உடம்பைப் படுத்தாத. தம்பிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள் அம்மா.

பிளாட்பாரத்தில் நின்ற ஓர் அண்ணாச்சிகூட, "வயசான காலத்துல எதுக்கும்மா இந்தக் கஷ்டம்?" என்றார். எல்லோருமே தங்கமானவர்கள்.

அடுத்து பெரியப்பா சொன்னதுதான் எனக்கு இடியாக இறங்கியது. "உன்னைத் தனியா விட முடியாது. நான் இருக்கேன். கல்யாணக் கூட்டத்துல உன் தங்கச்சி இவனை எங்க பார்த்துக்கிட? அந்தப் பயலையும் இறங்கச் சொல்லு. ரயிலைப் பார்க்கணும்னான், பார்த்துட்டான்லா."

பிடித்தேன் அழுகையை.

என் அழுகைக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. நான் ஆரம்பித்தால் எதிர்வீட்டில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். ஜன்னல் கம்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "பெரியம்மை, வா! நீ வராட்டா நான் செத்துருவேன்! ஏறு பெரியம்மை!" என்று கத்தினேன். என்னைப் பொறுத்தவரை உள்ளதைத்தான் சொன்னேன். அவள் ஏறாவிட்டால் ஜன்னல் போய்விடும், ஜன்னல் போனால் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது.

பெட்டியோ அதை வேறு மாதிரி கேட்டது. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளை எப்படித் துடிக்கான் பாருங்க! எந்திரிங்கட்டி, அந்த அக்காவை ஏத்தி விடுவோம்" என்றாள். அவளும் இன்னும் சில பெண்களும் தடதடவென்று கீழே இறங்கினார்கள்.

இதற்குள் கார்டு பின்னாலிருந்து நடந்தே வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "அம்மா, பைய ஏறுங்க. நான் கொடி காட்டாம வண்டி எங்கன போயிரும்?" என்றார்.

அடுத்த சிக்கல், எப்படித் தூக்குவது? ஆண்களெல்லாம் கையை நீட்டியபடி நின்றார்களே தவிர, எங்கே தொடுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியப்பாவுக்கோ ஊர் பார்க்கப் பெண்டாட்டியின் கையைப் பிடிக்கவே கூச்சம். பூக்கார அம்மாள் சத்தம் போட்டாள். "ஆம்பளைங்கெல்லாம் அங்கிட்டுத் திரும்புங்க!"

திரும்பினார்கள். பெரியப்பா, அண்ணாச்சி, வாசலில் தொங்கிய காலேஜ் பையன்கள், கார்டு உட்பட அத்தனை ஆண்களும் மேற்கே திரும்பி மலையை உற்றுப் பார்த்தார்கள். பொதிகை மலைக்கு அன்றைக்கு மாதிரி மரியாதை அதற்கு முன்பும் பின்பும் கிடைத்திருக்காது. கீழிருந்து பெண்கள் தள்ள, மேலிருந்து பெண்கள் இழுக்க, "ஏசப்பா" என்று ஒருத்தியும் "முருகா" என்று ஒருத்தியும் கூவ, பெரியம்மை உள்ளே வந்து விழுந்தாள். பெட்டியே கைதட்டியது. கார்டு அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

"ஏறியாச்சா? நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கொடியை விரித்தபடி நடந்தார். வண்டி தாமதமானதற்கு அவர் யாருக்கு என்ன பதில் சொன்னாரோ! அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்றும் பச்சைக் கொடியைப் பார்த்தால் என்னையறியாமல் எழுந்து நிற்கிறேன்.

திருநெல்வேலி ஜங்ஷனில் பிளாட்பாரம் உயரமாக இருந்ததால் பெரியம்மை மகாராணி மாதிரி இறங்கினாள். தாலி கட்டும்போது மாமா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் குனிந்து முடிச்சைப் போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். "போதும்க்கா, அவ கழுத்து தாங்காது" என்று மாமா சொல்ல வேண்டியதாயிற்று.

என் புகழ் பந்திவரை வந்துவிட்டது. "பெரியம்மை மேல உசுரையே வச்சிருக்கான்" என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். இலையில் பாயசம் மறுபடி மறுபடி விழுந்தது. நானும் உயிரையே வைத்திருக்கிற பிள்ளையைப் போல முகத்தை வைத்துக்கொண்டு குடித்தேன்.

சாயங்கால ரயிலில் அப்பாவும் எங்களோடு வந்தார். எங்கள் ஊர் நெருங்கும்போது அவருக்குக் கவலை வந்துவிட்டது. "மதினி, காலையில ஏறியாச்சு, சரி. இப்ப எப்படி இறங்கப் போறீங்க?"

பெரியம்மை என்னைப் பார்த்தாள். "அதுக்கென்ன, இந்தப் பய அழுவான்லா. காலையில சன்னலுக்கு அழுதான், இப்ப வேற எதுக்காவது அழச் சொன்னா ஆச்சு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மானத்தை வாங்கிவிட்டாளே என்று வீடு போய்ச் சேரும்வரை அவளோடு பேசவில்லை. அவளானால் என் தலையைக் கோதிக்கொண்டே வந்தாள்.

நான் எதற்காக அழுதேன் என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அப்படியிருந்தும் எதற்காக என் தலையைக் கோதினாள் என்பதுதான் எனக்கு அன்று விளங்கவில்லை. "நான் வரல" என்று சொன்ன பிறகும், பெரியப்பா சரி என்ற பிறகும், அம்மா சரி என்ற பிறகும், அவள் அந்தப் பெட்டியின் கம்பியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஜன்னலிலிருந்து பார்த்த எனக்கு அந்தக் கை நன்றாகவே தெரிந்தது. நான்தான் ஜன்னலைப் பற்றி அழுதுகொண்டிருந்தேன்.