ஓடாவியின் வளவு

அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. சுவர்கள் பாதி நின்றன. கூரையும் கதவுகளும் எரிந்துபோயிருந்தன. அம்மாவின் ரங்குப் பெட்டியும், அதற்குள் இருந்த சீதன உறுதிப் பத்திரமும் அவற்றோடு போயின.

திரும்பி வந்தது அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா முன்பே இறந்துவிட்டார். தம்பியை முகாமில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். விடவில்லை.

வீடு நின்ற எங்கள் வளவு ஆரையம்பதிக்குத் தெற்கே, வாவிக் கரையை ஒட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். அம்மாவுக்கு அவருடைய தாய் கொடுத்தார். அவருக்கு அவருடைய தாய். அதற்கு மேலே யார் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

எரிந்த வீடுகளைத் திருத்துவது பற்றிப் பேசக் கோயில் முன்றலில் கூட்டம் வைத்தார்கள். கோயில் நிர்வாகத்தில் பெரியவராக இருந்தவர் எங்கள் முறை வந்ததும் கையை உயர்த்தினார்.

"இவங்களுக்கு ஏது காணி? இவங்கட பரம்பரையில மூத்தவன் ஒரு ஓடாவி. தோணி கட்ட எங்க இருந்தோ வந்தவன். பாவமெண்டு கோயில் காணியில கொட்டில் போட விட்டது. இப்ப வீடும் இல்ல. கோயில் எடுக்கிறதுதான் ஞாயம்."

ஓடாவி என்பது தோணி கட்டும் தச்சனுக்கு எங்கள் ஊர்ச் சொல். அவர் அதை வசவு போலச் சொன்னார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். நான் எழும்பினேன். அப்போது நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாய்க்காரி என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே இருந்தது.

"கோயில் காணியெண்டா கோயிலிட்ட உறுதி இருக்கும். காட்டுங்க."

"உன்னட்ட இருக்கா?"

"எரிஞ்சிட்டு. ஆனா கந்தோர்ல பதிவு இருக்கும். எடுத்துக்கொண்டு வாறன்."

சிலர் சிரித்தார்கள். பாலத்தையும் சோதனைச் சாவடிகளையும் கடந்து பட்டணத்துக்குப் போய் முழுசாகத் திரும்புவதே பெரிய காரியமாக இருந்த காலம் அது.

காணிப் பதிவுக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த இலிகிதர் ஓய்வுக்குக் கிட்டிய ஒரு பெண். நான் கேட்ட பழைய பெயர்களை எழுதிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆக்கள் உசிரோட இருக்கிறவங்களத் தேடித் திரியிறாங்க. நீங்க செத்தவங்களத் தேடி வாறீங்க."

"உசிரோட இருக்கிறவங்களையும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன், மிஸ். அதுக்கு ஒரு இடத்திலயும் பதில் இல்ல. இஞ்சயாவது ஒரு பதில் கிடைக்கட்டும்."

அவர் எழும்பிப் போய் முதல் பதிவேட்டை எடுத்து வந்தார். அன்றிலிருந்து நான் எப்போது போனாலும் பழைய பதிவுகளை எடுத்துத் தந்தார்.

வளவு முதலில் யார் கையிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. தேடுவது நான் நினைத்ததைவிடச் சிக்கலாக இருந்தது. பதிவுகளில் ஒவ்வொரு பெண்ணும் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றே இருந்தாள். காணியோ தாயிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. தகப்பன் பெயரைப் பிடித்துப் போனால், அந்த ஆண் கலியாணம் முடித்து வருவதற்கு முன் இருந்த ஊரில் போய் நின்றேன். ஒருமுறை செங்கலடிப் பக்கத்தில் ஒரு குடும்பத்தை எங்களுடையது என்று நம்பி, பல நாட்களை வீணாக்கினேன். அதன்பிறகுதான் பெரிய தாள் ஒன்றில் வம்சத்தைக் கீறினேன். உச்சியில் ஒரு பெட்டி: ஓடாவி. அதிலிருந்து கோடுகள், பெட்டிகள். அடியில் அம்மாவும் அப்பாவும், அவர்களுக்குக் கீழே நானும் தம்பியும். இறந்தவர்களின் பெட்டியில் சிறிய சிலுவைக் குறி போட்டேன். தம்பியின் பெட்டியில் போடவில்லை.

அந்தத் தாளோடுதான் ஒருநாள் பின்னேரம் சோதனைச் சாவடியில் பிடிபட்டேன்.

பையைக் கொட்டிய சிப்பாய் தாளை விரித்துப் பார்த்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டான். பெட்டிகளும் கோடுகளும் அவர்களுக்கு ஏதோ இயக்கத்தின் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். என்னைத் தகரக் கொட்டிலுக்குள் இருத்தினார்கள். அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"மேல இருக்கிறது யாரு? தலைவரா?"

"என்ட அம்மாட வழியில மூத்தவர். ஓடாவி. தோணி கட்டினவர்."

"தோணியா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருக்குக் கட்டிக் குடுத்தது?"

"மீன் புடிக்கிறவங்களுக்கு. ஐயா, அவர் போன நூற்றாண்டு ஆள். வெள்ளைக்காரன் காலம்."

"இந்தக் குறி என்ன?"

"செத்தவங்க."

அவருடைய விரல் ஒவ்வொரு பெட்டியாக இறங்கி வந்தது. தம்பியின் பெட்டியில் நின்றது.

"இவன் சாகல்ல. எங்க இவன்?"

அதுவரை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியோடு பயம் போய்விட்டது. ஏன் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"அத நான்தான் உங்களிட்டக் கேக்கணும். உங்கட ஆக்கள்தான் ஏத்திக்கொண்டு போனது. எங்க அவன்?"

அடிக்கப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடாமல் இருந்தேன். அவர் தாளை நாலாகக் கிழித்து மேசைக்கடியில் போட்டார். பொழுது சாயும்வரை இருத்தி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

வீட்டில், எரியாமல் நின்ற சுவரில் சாய்த்துக் கட்டியிருந்த ஓலைப் பத்திக்குள் அம்மா இருந்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார், இனிப் போகாதே என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அதில தம்பிட பேர் இருந்ததா?"

"இருந்தது."

"செத்ததெண்டு போட்டியா?"

"இல்லம்மா."

"அப்ப மறுகாக் கீறு."

மறுபடி கீறினேன். அம்மா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெயராக என்னைச் சொல்லவைத்து எனக்கு மனப்பாடமாக்கினார். அதன்பிறகு நான் தாளே கொண்டுபோகவில்லை. கிழிக்க முடியாத இடத்தில் அது இருந்தது.

ஓடாவியின் இறப்புப் பதிவு கடைசியில் கிடைத்தது. ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில், தொழில் தோணி கட்டுபவர் என்றிருந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. கூட்டத்தில் அந்த மனிதர் சொன்னது சரிதான். எங்கிருந்தோ வந்தவர்.

ஆனால் அந்த இலிகிதர் தேடியெடுத்த உறுதிப் பதிவு வேறொன்றைச் சொன்னது. வளவை வாங்கியவர் ஓடாவி இல்லை. அவருடைய மனைவி. இந்த ஊரில் பிறந்த பெண், நெல்வயல் வைத்திருந்த ஒரு போடியாரிடமிருந்து விலை கொடுத்துத் தன் பெயரில் எழுதி வாங்கியிருக்கிறார். கோயிலின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. எல்லை மேற்கே வாவி வரைக்கும் என்று எழுதியிருந்தது.

அடுத்த கூட்டத்தில் நான் இரண்டு பிரதிகளையும் வாசித்தேன். இறப்புப் பதிவை மறைத்திருக்கலாம். மறைக்க மனம் வரவில்லை. 'தெரியாது' என்றதும் பெரியவர் குதித்தார்.

"பாத்தீங்களா? ஊர் பேர் தெரியாதவன்!"

"ஓம். வந்தவர்தான்," என்றேன். "வந்து, இந்த வாவியில ஓடின தோணிகளக் கட்டினவர். அதுல எங்களுக்கு ஒரு வெக்கமும் இல்ல. காணி அவர்ட பொஞ்சாதிட. அவ வாங்கினது. அவட மகளுக்குக் குடுத்தது. அந்த வழியில இப்ப என்ட அம்மாட. மறுப்பிருந்தா கோட்டுக்கு வாங்க."

அவர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. ஆனால் அந்த வருடத் திருவிழாவில் எங்கள் வீட்டுக்குக் கோயில் மரியாதையான காளாஞ்சி வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. நாங்கள் கேட்டுப் போகவும் இல்லை. தம்பியும் வரவில்லை. மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்தால் நட்ட ஈடு கிடைக்கும் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். அம்மா அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்தினார்.

உறுதியில் இருந்தபடியே வாவி வரைக்கும் வேலி அடைத்தேன். கம்பி இழுத்ததும் பெரியவர் ஆள் அனுப்பினார்: வலைக்காரர் கரைக்குப் போகும் வழி அடைபட்டுப் போயிற்றாம், உடனே கழற்ற வேண்டுமாம்.

"கழட்டச் சொல்லி ஆள் அனுப்ப வேணாம். வழி வேணுமெண்டா அவரையே வந்து கேக்கச் சொல்லுங்க."

சில நாட்கள் வீம்பில் போயின. பிறகு ஒரு காலையில் அவரே வந்து வேலிக்கு வெளியே நின்றார். கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் போய், ஒரு ஆள் வலையோடு நடக்கும் அளவுக்குக் கம்பியை விலக்கிக் கட்டினேன்.